பரணில் கிடக்கும் ரயிலுக்கு என்ன விலை?

பிரிட்டனில் ஒரு தலைமுறை பொத்திப் பொத்தி வைத்திருந்த பொம்மை ரயில்கள் இப்போது விற்பனைக்கு வருகின்றன. அவற்றுக்கு நியாயமான விலை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குக் கிடைப்பதில்லை?

இங்கிலாந்தில் ஒரு முதியவர் இறந்துபோனால், வீட்டைக் காலிசெய்யும் வேலை பிள்ளைகள் தலையில் விழும். கட்டில், அலமாரி, புத்தகமெல்லாம் போனபின் கடைசியில் மிஞ்சுவது கூரைக்கு அடியிலுள்ள பரண். ஏணி வைத்து ஏறினால் பழைய செய்தித்தாளில் சுற்றிய இன்ஜின்கள், துரு ஏறிய தண்டவாளத் துண்டுகள், தகரத்தில் செய்த ஸ்டேஷன், சிக்கல் விழுந்த ஒயர்கள், ஓரம் நைந்த அட்டைப்பெட்டிகள். வீடு காலிசெய்து தரும் ஆள் வந்து ஒரு பார்வை பார்க்கிறார். மொத்தத்துக்கும் ஐம்பது பவுண்டு என்கிறார். வீட்டை விற்கும் அவசரத்தில் இருக்கும் குடும்பம் தலையாட்டிவிடுகிறது. அந்தக் குவியலில் இருந்த ஒரே ஒரு இன்ஜின் சில வாரங்களில் ஏலத்துக்கு வந்து பல நூறு பவுண்டுக்குப் போகிறது.

இதற்கு நேர் எதிரானதும் நடக்கிறது. பரணில் பெட்டியைக் கண்டெடுத்த மகன் இணையத்தில் தேடுகிறார். அதேபோன்ற இன்ஜினுக்கு யாரோ இரண்டாயிரம் பவுண்டு கேட்டிருப்பதைப் பார்க்கிறார். அன்று முதல் தன்னிடம் இருப்பது புதையல் என்று நம்பிவிடுகிறார். வந்தவர் சொல்லும் நூறு பவுண்டு அவருக்கு அவமானமாகப் படுகிறது. வருடங்கள் போகின்றன, பெட்டியும் நூறு பவுண்டுக்கான ஆளும் ஒன்றாகவே பழசாகிறார்கள்.

பழைய மாடல் ரயிலை விற்பதில் ஏற்படும் வருத்தம் எல்லாமே இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கிறது. ஒருவருக்குப் பொருள் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது. விற்பவருக்குத் தெரிந்ததெல்லாம் வாங்குபவருக்கும், வாங்குபவருக்குத் தெரிந்ததெல்லாம் விற்பவருக்கும் தெரிந்திருக்கையில் கைமாறும் தொகையைத்தான் நியாயமான விலை என்று நான் சொல்வேன். அந்தத் தொகை ஐந்து பவுண்டாக இருக்கலாம், ஐயாயிரமாகவும் இருக்கலாம்.

லிவர்பூல் சரக்கு

இத்தனை வீடுகளில் இத்தனை ரயில்கள் எப்படி வந்தன? லிவர்பூலில் 1863இல் பிறந்த ஃபிராங்க் ஹார்ன்பி, இறைச்சி இறக்குமதி செய்யும் ஒரு வணிகரிடம் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர். துளையிட்ட உலோகப் பட்டைகளைத் திருகாணியால் இணைத்துப் பாலமும் கிரேனும் கட்டும் விளையாட்டுக்கு 1901இல் காப்புரிமை வாங்கினார். 1907இல் அதற்கு மெக்கானோ என்று பெயர் வைத்தார். 1914இல் லிவர்பூலின் பின்ஸ் சாலையில் தொழிற்சாலை எழும்பியது.

அதுவரை பிரிட்டன் பிள்ளைகள் விளையாடிய நல்ல பொம்மை ரயில்களில் பெரும்பகுதி ஜெர்மனியிலிருந்து வந்தவை. கோப்பிங்கன் நகரத்து மார்க்ளின், நூரம்பெர்க் நகரத்து பிங் ஆகிய நிறுவனங்கள்தான் அந்தச் சந்தையை ஆண்டன. மார்க்ளின் 1859இல் பொம்மை வீட்டுச் சமையல் சாமான் செய்யத் தொடங்கிய கம்பெனி. 1891இல் லைப்சிக் கண்காட்சியில் தண்டவாள அகலங்களை வரையறுத்து, துண்டு துண்டாகச் சேர்த்துப் பெருக்கிக்கொண்டே போகக்கூடிய ரயில் முறையை முன்வைத்தது. ஒரு ரயில் வாங்கினால் அடுத்த வருடம் இன்னொரு பெட்டி, அதற்கடுத்த வருடம் ஒரு சுரங்கம் என்று வாங்க வைக்கும் வியாபாரத் தந்திரம் அங்கேதான் பிறந்தது. முதல் உலகப் போருக்குப்பின் ஜெர்மன் பொம்மை வாங்க பிரிட்டன் பெற்றோருக்கு மனமில்லை. அந்த இடத்தில் 1920இல் ஹார்ன்பியின் சாவி கொடுத்து ஓடும் ரயில் வந்து உட்கார்ந்தது.

அந்த ரயில்கள் 32 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடியவை. கனத்த தகரம், பளபளக்கும் எனாமல், கையில் எடுத்தால் எடை தெரியும். 1937இல் வந்த ‘பிரின்சஸ் எலிசபெத்’ இன்ஜினின் விலை ஐந்து கினி, அதாவது 105 ஷில்லிங். ஒரு தொழிலாளியின் ஒரு வாரக் கூலி அதற்குப் போதாது. பரிசுப்பெட்டியோடு கூடிய நல்ல நிலையிலுள்ள ஒரு பிரின்சஸ் எலிசபெத் இன்று ஆயிரம் பவுண்டைச் சாதாரணமாகத் தாண்டும்.

அதற்கு அடுத்த ஆண்டு, 1938இல், 16.5 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஓடும் ஹார்ன்பி டப்லோ வந்தது. சாப்பாட்டு மேஜை மீதே ஒரு ரயில்பாதையை விரித்துவிடலாம். போர் வந்து தொழிற்சாலை ஆயுத வேலைக்குத் திரும்பியதால் உற்பத்தி நின்றது. போர் முடிந்தபின் அது மறுபடி கிளம்பி, 1950களில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பையன்கள் காத்திருக்கும் பொருளானது. எதிரே பிளாஸ்டிக்கில் மலிவாகச் செய்த ட்ரை-ஆங் ரயில்கள் வந்தன. போட்டியில் மெக்கானோ தோற்றது. 1964இல் ட்ரை-ஆங்கின் தாய் நிறுவனமான லைன்ஸ் பிரதர்ஸ் அதை வாங்கியது. 1971இல் அந்த லைன்ஸ் பிரதர்ஸும் சரிந்தது. ஹார்ன்பி என்ற பெயர் மட்டும் கென்ட் கடற்கரையின் மார்கேட் ஊரில் உயிர்பிழைத்தது. 1990களில் உற்பத்தி சீனாவுக்குப் போனது.

இந்த வரலாறு விற்பவருக்கு எதற்கு என்று கேட்கலாம். 1950களில் டப்லோவுக்கும் ட்ரை-ஆங்குக்கும் கைதட்டிய பையன்கள் இன்று எழுபதைத் தாண்டி, எண்பதைத் தொட்டுவிட்டவர்கள். அவர்கள் சேர்த்ததெல்லாம் ஒரே காலத்தில் பரணிலிருந்து இறங்குகிறது. இன்றைய விலை எதற்கு ஏன் இப்படி இருக்கிறது என்பதில் பாதி இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

முதலில் அடிக்கோலை எடுங்கள்

கையில் இருப்பது என்னவென்று தெரியாமல் விலை பேசக்கூடாது. அதற்கு நிபுணர் வேண்டாம், பள்ளிக்கூட அடிக்கோல் போதும். இரண்டு தண்டவாளங்களின் உட்பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். 45 மில்லிமீட்டர் என்றால் பெரிய ரகம். தோட்டத்தில் ஓடுபவையும் மிகப் பழைய ஜெர்மன் ரயில்களும் இதில் வரும். 32 என்றால் ஓ கேஜ். 16.5 என்றால் உலகில் அதிகம் விற்ற அளவு. 9 மில்லிமீட்டர் என்றால் ‘என்’ (N) கேஜ். 6.5 மட்டுமே இருந்தால் மார்க்ளின் 1972இல் கொண்டுவந்த இசட் கேஜ், கைக்குட்டையில் மறைத்துவிடலாம்.

16.5இல் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐரோப்பாவும் அமெரிக்காவும் அந்தத் தண்டவாளத்தில் 87இல் ஒரு பங்கு அளவு ரயிலை ஓட்டுகின்றன. பிரிட்டன் மட்டும் 76இல் ஒரு பங்கு ரயிலை ஓட்டுகிறது. பிரிட்டனின் நிஜ ரயில்களே ஐரோப்பிய ரயில்களைவிட ஒடுங்கியவை, குட்டையானவை. 87இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் இன்ஜினுக்குள் நுழையவில்லை. அதனால் தண்டவாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு மேலே இருப்பதைக் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். ஆக, ஒரே தண்டவாளத்தில் நிற்கும் இரண்டு இன்ஜின்கள் இரண்டு தேசத்துச் சந்தைகளுக்கு உரியவை. மார்க்ளினை லண்டனில் விற்பதைவிட ஜெர்மனியில் விற்பதுதான் பெரும்பாலும் நல்லது. அது ஓடும் விதமும் வேறு: மாறுமின்னோட்டத்தில், தண்டவாளத்தின் நடுவிலுள்ள மின்தொடர்பைத் தடவிக்கொண்டே ஓடும்.

டப்லோவிலும் மூன்று தண்டவாள ரகம், இரண்டு தண்டவாள ரகம் என்று உண்டு. 1959 வரை மூன்றுதான். அந்த இன்ஜினை இரண்டு தண்டவாளப் பாதையில் வைத்தால் ஷார்ட் ஆகும். விற்பனை விளம்பரத்தில் இதைச் சொல்லாமல் விட்டால், வாங்கியவர் பார்சலைத் திருப்பி அனுப்புவார். பணமும் திரும்பும், பேரும் கெடும்.

அடுத்து இன்ஜினின் பெயர், பக்கவாட்டில் எழுதிய எண், அடியில் அச்சான நிறுவனப் பெயர், பெட்டி மீதிருக்கும் பட்டியல் எண். நான்கையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். வெறும் ‘பழைய ஹார்ன்பி செட்’ என்று எழுதி விற்கப்படும் பொருளின் விலையை வாங்குபவர்தான் தீர்மானிக்கிறார்.

அன்று விற்காதது இன்று விலைபோகிறது

எந்த ரயிலுக்கு மதிப்பு? பழசு என்பதால் மதிப்பு வந்துவிடாது. அழகு என்பதாலும் வராது. அன்றைக்குக் குழந்தைகள் எதை வாங்க மறுத்தார்களோ, அதைத்தான் இன்றைய சேகரிப்பாளர் தேடி அலைகிறார்.

அமெரிக்காவின் லயனல் இதற்கு நல்ல சாட்சி. ஜாஷுவா லயனல் கோவன் 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி அது. அவருடைய முதல் மின்சார ரயில் கடை ஜன்னலில் கூட்டம் சேர்ப்பதற்காகச் செய்த காட்சிப்பொருள். வழியில் போனவர்கள் ரயிலையே விலை கேட்டதால் அவர் பொம்மை வியாபாரி ஆனார். 1950களின் தொடக்கத்தில் உலகின் மிகப்பெரிய பொம்மை நிறுவனங்களில் ஒன்று என்ற உயரம். 1957இல் பெண் குழந்தைகளையும் ஈர்க்கலாம் என்று இளஞ்சிவப்பு இன்ஜின், வெளிர்நிறப் பெட்டிகள் கொண்ட ஒரு செட்டை இறக்கினார்கள். படுதோல்வி. ரயில் கேட்ட பெண்களும் நிஜ ரயில் போலக் கறுப்பாக இருப்பதையே விரும்பினார்கள். கடைகளில் தேங்கி நின்றது. அன்று யாரும் சீண்டாத அந்த செட், இன்று முழுமையாக, அட்டைப்பெட்டியோடு கிடைத்தால் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுகிறார்கள். ஆனால் 1991இல் லயனல் பெயரிலேயே அதன் மறுபதிப்பு வந்திருக்கிறது. அதையும் பழசையும் பிரித்தறியாமல் விலை சொன்னால் ஒருவர் நிச்சயம் ஏமாறுவார்.

டப்லோவிலும் இதுதான் நடந்தது. 1959இல் இரண்டு தண்டவாள முறை வந்தபிறகு எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். பழைய வாடிக்கையாளர்களுக்காக மூன்று தண்டவாள இன்ஜின்களையும் கம்பெனி கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தது. ‘டார்செஸ்டர்’, ‘சிட்டி ஆஃப் லிவர்பூல்’ ஆகிய பெயர்கள் பொறித்த இன்ஜின்கள் அப்படி வந்தவை. குறைவாக விற்றன, அதனால் இன்று அதிகம் விலைபோகின்றன. 1920களில் கோல்மன் கடுகு விளம்பரத்தோடு வந்த சின்னஞ்சிறு சரக்கு வேனுக்கும் இந்தக் கதைதான். ஓ கேஜ் பெட்டிகளைக் கிளறுபவர்கள் முதலில் அந்த மஞ்சள் வேனைத்தான் தேடுவார்கள்.

இதன் மறுபக்கம் கசப்பானது. 1990களிலிருந்து ‘வரையறுக்கப்பட்ட பதிப்பு’ என்று சான்றிதழ் சேர்த்து விற்ற செட்டுகளை, ஓய்வுக்கால முதலீடு என்று நம்பிப் பிரிக்காமலேயே வைத்திருந்தவர்கள் ஏராளம். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எல்லாமே பத்திரமாகக் கிடைக்கிறது. அரிது என்று சான்றிதழ் சொல்கிறது, சந்தை ஒப்புக்கொள்ளவில்லை. ட்ரை-ஆங்கின் சாதாரண இன்ஜின்களும் அப்படித்தான். எல்லா வீட்டிலும் இருந்தன. இருபது முப்பது பவுண்டுக்கு மேல் எதிர்பார்ப்பது வீண். அதை விற்பதைவிடப் பேரப்பிள்ளைக்கு ஓட்டிக் காட்டுவது மேல் என்பேன்.

துடைக்காதீர்கள், ஓட்டிப் பார்க்காதீர்கள்

பரணிலிருந்து இறக்கியவுடன் ஈரத்துணியால் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள். எழுபது வருடம் தாங்கிய எழுத்துகள் ஒரு துடைப்பில் உரிந்துவிடும். தூசியை மென்மையான பிரஷ்ஷால் தட்டினால் போதும். மறுபடி பெயின்ட் அடித்துவிட்டால் சேகரிப்பாளரின் கண்ணில் பொருளின் மதிப்பில் பெரும்பகுதி போய்விட்டது. நம் ஊரில் பாட்டியின் வெண்கலப் பானையைத் தேய்த்துப் புதிதாக்கி எடைக்குப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். இங்கேயும் நடப்பது அதே இழப்புத்தான்.

அட்டைப்பெட்டியைத் தூக்கி எறியவே கூடாது. பெட்டி இல்லாத இன்ஜினுக்கும் உள்ள இன்ஜினுக்கும் இடையே விலை இரண்டு மடங்கு வேறுபடுவது உண்டு. பெட்டிக்குள் இருக்கும் விளக்கத்தாள், எண்ணெய்க் குப்பி, கடையில் கொடுத்த ரசீது எல்லாம் சேர்ந்து பொருளின் வரலாற்றைச் சொல்கின்றன. இதனாலேயே போலிப் பெட்டி அச்சடிப்பதும் ஒரு தொழிலாகிவிட்டது. மறுஅச்சுப் பெட்டி என்று தெரிந்தால் அதைச் சொல்லித்தான் விற்க வேண்டும்.

அடுத்தது உலோகத்தின் நோய். 1930களில் இன்ஜின் உடலையும் சக்கரத்தையும் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்தார்கள். வார்க்கும்போது ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், பல வருடம் கழித்து உலோகம் உள்ளேயிருந்து வீங்கும், கோணும், வெடிக்கும், பிஸ்கட்போல உதிரும். போருக்கு முந்தைய டப்லோவிலும் ஓ கேஜ் சக்கரங்களிலும் இது சகஜம். மருந்து கிடையாது. ஒரு காலத்தில் கலை நயத்தோடு வார்த்த பொருள் கையில் துகளாவதைப் பார்ப்பது மனதைப் பிசையும். விற்பவர் இன்ஜினை நல்ல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் இருந்தாலும் படம் எடுத்துக் காட்ட வேண்டும்.

ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையையும் அடக்குங்கள். பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் ரப்பர் உறை பொடிந்திருக்கும். பிளக்கில் சொருகுவது உயிரோடு விளையாடுவது. ஹார்ன்பி 1925இல் விற்ற முதல் மின்சார ரயில், லண்டன் மெட்ரோபாலிடன் இன்ஜினின் மாதிரி, வீட்டு மின்சாரத்தில் நேரடியாக ஓடியது. நடுவில் ஒரு பல்பை மாட்டி மின்னோட்டத்தைக் குறைத்தார்கள். குழந்தைகள் தண்டவாளத்தைத் தொடக்கூடாது என்பதே பாதுகாப்பு. இன்று அது கண்ணாடிக்குள் வைத்துப் பார்க்க வேண்டிய பொருள். ஓட்டிப் பார்க்காமல் விற்பதில் தவறில்லை. ‘சோதிக்கப்படவில்லை’ என்று எழுதினால் போதும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் சின்னக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள்.

கேட்ட விலையும் கொடுத்த விலையும்

இணையத்தில் ஒருவர் இரண்டாயிரம் பவுண்டு கேட்டிருப்பது அவருடைய ஆசை. இ-பே தளத்தில் ‘விற்பனையானவை’ என்று வடிகட்டிப் பார்த்தால் உண்மையில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பது தெரியும். ஏல நிறுவனங்களும் முடிந்த ஏலங்களின் விலையைப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றன. இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் வெக்டிஸ், நியூபெரியில் உள்ள ஸ்பெஷல் ஆக்ஷன் சர்வீசஸ் ஆகிய இரண்டும் பொம்மை ரயில் ஏலத்துக்குப் பேர்போனவை. ஒரு மாலைப்பொழுது அவற்றில் உட்கார்ந்தால் போதும். ஒரே ஒரு உச்ச விலையை மட்டும் நெஞ்சில் எழுதிக்கொள்ளாதீர்கள். ஒரே இன்ஜின், ஒரே நிலை, ஐந்தாறு விற்பனைகள்; அவற்றின் நடுவில் இருப்பதுதான் உங்கள் விலை.

நிலை என்பதில்தான் சண்டை வரும். ‘நல்ல நிலை’ என்று விற்பவர் நினைப்பதும் வாங்குபவர் நினைப்பதும் ஒன்றல்ல. அமெரிக்காவில் 1954இல் தொடங்கிய ரயில் சேகரிப்பாளர் சங்கம் இதற்காகவே 1 முதல் 10 வரை படிகள் வகுத்திருக்கிறது. கடையிலிருந்து அப்போதுதான் வந்ததுபோல இருந்தால் 10. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே என்ன வேறுபாடு என்பதை அது எழுதியே வைத்திருக்கிறது. பிரிட்டனில் ஹார்ன்பி ரயில் சேகரிப்பாளர் சங்கம் 1969 முதல் இயங்குகிறது. அங்குள்ள மூத்த உறுப்பினரிடம் ஒரு படத்தைக் காட்டினால், பெரும்பாலும் ஆர்வத்தோடு விளக்குவார். இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தாராளம்தான்.

காப்பீட்டுக்காக எழுதித் தரும் மதிப்பை விற்பனை விலை என்று நினைத்து ஏமாற வேண்டாம். அது, பொருள் தொலைந்தால் கடையில் புதிதாகத் தேடி வாங்க ஆகும் செலவு. அதனால் எப்போதும் உயர்ந்தே இருக்கும். வாரிசு வரிக்காகக் கணக்கிடும்போது பிரிட்டன் சட்டம் கேட்பது வேறு: திறந்த சந்தையில் விற்றால் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய தொகை. இந்தத் தொகைதான் நமக்கு வேண்டியது.

யாரிடம் விற்பது?

வியாபாரி மொத்தமாக எடுத்துக்கொண்டு அன்றே பணம் தருவார். அவர் தருவது கடைவிலையில் பாதி என்றால் அதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். கடை வாடகை, விற்காமல் கிடக்கும் சரக்கு, மூன்று மாத உத்தரவாதம், பழுதுபார்க்கும் ஆள் என்று அவருக்கும் செலவுண்டு. அவசரத்துக்கு நாம் கொடுக்கும் விலை அது. ஆனால் ஒரே வியாபாரியிடம் மட்டும் கேட்டு ஒப்புக்கொள்ளக்கூடாது. இரண்டாவது ஆளிடம் கேட்பதற்கு ஆகும் செலவு ஒரு தொலைபேசி அழைப்பு.

ஏலத்தில் கணக்கு வேறு. ஒரு இன்ஜின் ஆயிரம் பவுண்டுக்கு ஏலம் போனதாக வைத்துக்கொள்வோம். விற்பவரிடம் 15 சதவீதம் கமிஷன், அதன்மேல் 20 சதவீதம் வாட் வரி என்றால் 180 பவுண்டு போய், கையில் 820 வரும். வாங்கியவர் தரப்பில் 25 சதவீதம் கட்டணமும் அதன்மேல் வரியும் சேர்ந்து அவர் கொடுப்பது 1,300. இரண்டுக்கும் இடையே 480 பவுண்டு. விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்; படம் எடுக்கவும் காப்பீட்டுக்கும் தனியாகப் பிடிப்பவர்களும் உண்டு. அதனால் பொருளை ஒப்படைக்கும் முன் எல்லாக் கழிவும் போகக் கையில் எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். இத்தனைக்குக் கீழே விற்கக்கூடாது என்ற அடிமட்ட விலையையும் எழுத்தில் வாங்குங்கள். உண்மையிலேயே அரிய பொருளுக்கு ஏலம்தான் சரியான இடம். இரண்டு பேர் ஒரே பொருளை ஆசைப்பட்டால் விலையை அவர்களே ஏற்றிக்கொள்வார்கள். சாதாரணப் பொருளை ஏலத்துக்கு அனுப்பினால் பத்துப் பொருளோடு சேர்த்து ஒரே கட்டாகக் கட்டி விற்றுவிடுவார்கள்.

நேரமும் பொறுமையும் உள்ளவர் இணையத்தில் தானே விற்கலாம். 2024 அக்டோபர் முதல் பிரிட்டனில் தனிநபர் விற்பனைக்கு இ-பே கட்டணம் வாங்குவதில்லை. வாங்குபவரிடம் தனிக் கட்டணம் வசூலிக்கிறது. பார்சல் கட்டுவதுதான் இதில் பெரிய வேலை. வார்ப்பு உலோக இன்ஜினும் மெல்லிய தகரப் பெட்டியும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் உருண்டால் போய்ச் சேர்வது குப்பைதான். ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி, பெட்டிக்குள் பெட்டி வைத்து, காப்பீட்டோடு அனுப்ப வேண்டும். ஒரு பொருள் 6,000 பவுண்டுக்குக் கீழே விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை. பரணில் கண்டெடுத்த செட்டுகளில் அந்த எல்லையைத் தொடுபவை மிகச் சில.

பிரித்து விற்பதா, சேர்த்து விற்பதா? தனித்தனியாக விற்றால் கூட்டுத்தொகை கூடும். ஆனால் அரிய இரண்டு இன்ஜின் போனதும் மீதம் இருப்பது விலைபோகாத தண்டவாளமும் ஒடிந்த சிக்னலும்தான். விற்கத் தொடங்கும் முன்பே அந்த மீதத்தை என்ன செய்வதென்று முடிவுசெய்துகொள்ளுங்கள். தொழிற்சாலையிலிருந்து ஒரே பெட்டியில் முழுமையாக வந்த செட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்காதீர்கள்.

குறைந்துவரும் கூட்டம்

சந்தையின் திசை விற்பவருக்குச் சாதகமாக இல்லை. லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் கடை, பழைய சேகரிப்புகளை வாங்கி விற்பதில் நாடெங்கும் பேர் பெற்றிருந்தது. 2024 தொடக்கத்தில் மூடுவதாக அறிவித்தது. பர்மிங்காமில் வருடந்தோறும் கூட்டம் அலைமோதிய வார்லி கண்காட்சி 2023ஓடு முடிந்தது. மார்க்ளினே தன் 150ஆவது ஆண்டான 2009இல் திவால் நடவடிக்கைக்குப் போனது; 2013இல் சிம்பா-டிக்கி குழுமத்தின் கைக்கு வந்தது. இந்தப் பொழுதுபோக்கு செத்துவிட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. புதிய இன்ஜின்கள் இருநூறு பவுண்டுக்கு மேல் விற்கின்றன. ஹாம்பர்க்கில் 2001இல் திறந்த மினியேச்சர் வுண்டர்லாண்ட், ஜெர்மனியில் அதிகம் பேர் பார்க்கும் இடங்களில் ஒன்று. பாடகர் ராட் ஸ்டூவர்ட் இருபது வருடத்துக்கு மேல் உழைத்துக் கட்டிய அமெரிக்க நகரத்தை 2019இல் உலகுக்குக் காட்டியபோது பலரும் வியந்தார்கள்.

ஆனால் இன்று வாங்குபவருக்கு வேண்டியது நிஜம்போன்ற நுணுக்கமும், தனித்தனி இன்ஜினைக் கட்டளையிட்டு ஓட்டும் டிஜிட்டல் முறையும். ஐம்பதுகளின் தகர ரயிலை ஆசைப்பட்டவர்கள், சிறுவயதில் கடை ஜன்னலில் பார்த்து ஏங்கி, வேலைக்குப் போய்க் கையில் காசு வந்தபின் வாங்கியவர்கள். அந்த ஏக்கத்தைச் சுமந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். நடுத்தரச் சரக்கின் விலை இனி ஏறும் என்று நம்பிக் காத்திருப்பது நஷ்டம். உண்மையிலேயே அரியதற்கு மட்டும் வாங்க ஆள் இருப்பார்கள்.

உரிமையாளரின் பெயர் விலையை ஏற்றுமா? பாடகர் நீல் யங் லயனல் நிறுவனத்திலேயே பங்கு வைத்திருந்தவர். அவருடைய சேகரிப்பிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட ரயில்கள் 2017 டிசம்பரில் ஏலத்துக்கு வந்து ஏறக்குறைய 3 லட்சம் டாலர் ஈட்டின. ஆனால் நம் தாத்தாவின் கைபட்டதற்குச் சந்தையில் ஒரு பைசாவும் ஏறாது. அந்தப் பாசத்துக்கு விலை கேட்பதைவிட, ஒரு இன்ஜினை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதை விற்பது மனதுக்கும் நல்லது, பேரத்துக்கும் நல்லது.

தெரிந்தவர் பேச வேண்டும்

வாங்குபவருக்கு ஒரு வார்த்தை. கார் டிக்கியில் பரப்பி விற்கும் சந்தையில், ஒரு மூதாட்டி பத்து பவுண்டு எழுதி வைத்திருக்கும் வேனைப் பார்த்த நொடியிலேயே அதன் மதிப்பு உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. சொல்ல வேண்டும் என்று பொதுவாகச் சட்டம் வற்புறுத்துவதில்லை. அறிவுக்கு உழைத்தேன், அதன் பலன் எனக்கு என்பீர்கள். லாபம் எடுங்கள், தவறில்லை. ஆனால் எதிரில் நிற்பவர் துக்கத்தில் இருக்கிறார், பொருளைப் பற்றி ஒன்றும் அறியாதவர் என்று தெரிந்தும் வாய் மூடி வாங்குவதை நியாயமான விலை என்று என்னால் ஏற்க முடியாது.

அதைவிடப் பெரிய பொறுப்பு சேகரித்தவருக்கே இருக்கிறது. எந்தப் பெட்டியில் எது இருக்கிறது, எதற்கு என்ன விலை வரும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அவர் போனதும் அதுவும் போய்விடுகிறது. பிறகு மனைவியும் பிள்ளைகளும் முன்பின் தெரியாதவரின் வாய்ச்சொல்லை நம்பி நிற்கிறார்கள். இது ரயிலுக்கு மட்டுமில்லை. தபால்தலை, நாணயம், பழைய கேமரா, இசைத்தட்டு சேர்ப்பவர்கள் நம்மிடையேயும் உண்டு.

உங்கள் வீட்டில் அப்படிச் சேர்ப்பவர் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஒரு நோட்டுடன் உட்காருங்கள். பொருளின் பெயர், எண், வாங்கிய வருடம், குறை, இன்றைய விலை, விற்க வேண்டுமானால் நம்பிக்கையோடு யாரிடம் போகலாம் என்பதை அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுங்கள். நோட்டை வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.